கையெழுத்துக்கு மட்டும் ஒருவரைக் கூப்பிடலாமா?

லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"இங்கே பழைய டெரஸ் வீடொன்றை (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று) வாங்கியிருக்கிறோம். சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை கூட்டிக் கட்டும் வேலை நடக்கிறது. இருந்த பாய்லர் பழுதாகிவிட்டதால் 30 கிலோவாட் காம்பி பாய்லர் (வீட்டையும் சூடாக்கி, தொட்டியில்லாமல் சுடுநீரும் தரும் கேஸ் கருவி) ஒன்றை மலிவு விலையில் வாங்கி வைத்திருக்கிறேன். என் அக்காவின் கணவர் பதினைந்து வருடங்களாக இங்கே கட்டட வேலையில் இருக்கிறார். தண்ணீர், கேஸ், மின்சாரம் எல்லாவற்றையும் தானே இணைத்துத் தருவதாகச் சொல்கிறார். பாய்லரைப் பழைய இடத்திலேயே மாட்டி, புகைக்குழாயைப் புதிய அறையின் பொய்க்கூரைக்குள் நீட்டிப் பின்சுவரால் வெளியே விட்டால் போதும் என்பது அவர் யோசனை. கேஸ் மீட்டர் முன்வாசலருகே இருக்கிறது. அங்கிருந்து சமையலறை வரை சுமார் 11 மீட்டர், பழைய 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் ஓடுகிறது. மேலறையில் இரண்டு மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். வேலையை நாங்கள் முடித்துவிட்டு, கடைசியில் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவேடு) பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினால் சரியாகிவிடுமா? அத்தானின் மனம் நோகாமல் எதை எதை நாங்களே செய்யலாம்?"

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் நின்று நின்று வாசித்தேன். பொய்க்கூரைக்குள் ஓடப்போகும் புகைக்குழாய், மேலறையில் படுத்துறங்கும் இரண்டு பிள்ளைகள், கடைசியில் வாங்கப்போகும் கையெழுத்து. கையெழுத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் வழி அங்கேதான் பிரிகிறது.

முடியாது. பதிவுள்ள ஒருவர் தரும் சான்று, "இந்த பாய்லரை நான் பொருத்தினேன், நான் சோதித்தேன்" என்று அவர் தன் பெயரில் சொல்லும் வாக்குமூலம். இன்னொருவர் பொருத்தியதை, அதுவும் சுவரைப் பூசி மூடிய பிறகு வந்து பார்த்து, அவரால் அப்படிச் சொல்ல இயலாது. குழாய் மரச்சட்டங்களுக்குள் எப்படிப் போகிறது, சுவருக்குள் உறை போடப்பட்டதா, புகைக்குழாயின் மூட்டுகளில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது நூறு பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டின் பாதுகாப்பை விற்பவர் அவர்.

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு எரிவாயுப் பாதுகாப்பு விதிகள், கேஸ் வேலையைத் தகுதியுள்ளவர் மட்டுமே செய்யலாம் என்கின்றன. தொழிலாகச் செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தே ஆகவேண்டும். நம்மவர்களில் மூத்தவர்கள் இன்னும் "கோர்கி ஆள்" என்றே சொல்கிறார்கள். 2009 ஏப்ரல் 1 முதல் இங்கே கோர்கி என்ற பழைய பதிவேட்டுக்குப் பதிலாக கேஸ் சேஃப் வந்துவிட்டது, பழைய கோர்கி அட்டைக்கு இன்று மதிப்பில்லை. வருபவரிடம் அட்டையைக் கேளுங்கள். முன்பக்கத்தில் படமும் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பலர் அதோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும், அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கிறது. அடுப்பு மட்டும் பொருத்தத் தகுதியுள்ளவர் பாய்லரைத் தொடக்கூடாது. அட்டை கேட்பதால் கேஸ் வேலை செய்யும் எங்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொள்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அத்தான் சம்பளம் வாங்காமல்தானே செய்கிறார் என்று நீங்கள் கேட்கக்கூடும். சம்பளம் இல்லாவிட்டாலும் தகுதி என்ற நிபந்தனை அப்படியே நிற்கிறது. அதோடு இந்த வீட்டில் வாடகைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் அதே வீட்டில் வசித்தாலும் கேஸ் விதிகளின்படி வீட்டுச் சொந்தக்காரருக்குரிய கடமைகள் உங்களுக்கு உண்டு.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே நிற்கிறது என்று நினைக்கிறேன். ஊரில் சிலிண்டர் தீர்ந்தால் அம்மாவே ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவார், சோப்பு நுரை தடவிப் பார்ப்பார், அடுப்பைப் பற்றவைப்பார். கேஸ் இணைப்பு என்றால் அவ்வளவுதான் என்று நம் கை பழகிவிட்டது. ஆனால் அடுப்பின் ஒரு பர்னர் இரண்டு மூன்று கிலோவாட். நீங்கள் வாங்கியிருப்பது 30. அடுப்பின் சுவாலை உங்கள் கண்முன்னால் எரிகிறது, நிறம் மாறினால் தெரியும். பாய்லரின் சுவாலை மூடிய பெட்டிக்குள் யாரும் பார்க்காமல், நீங்கள் உறங்கும்போதும் எரிகிறது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு கிடக்கும். இங்கே குழாயில் வருவது காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும்பும், பொய்க்கூரைக்குள்ளும் மேல்தளப் பலகைகளுக்கு அடியிலும் போய்ச் சேரும்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். என்னை அதிகம் அச்சுறுத்துவது எரியாத பாய்லர் அல்ல, தம்பி. எரியாவிட்டால் குளிரும், யாரையாவது கூப்பிடுவீர்கள். தவறாக இணைக்கப்பட்டும் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் பாய்லரைக் கண்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுடுநீர் வரும், ரேடியேட்டர் சுடும், வீட்டார் மகிழ்ச்சியாக இருப்பார்கள். தவறு உள்ளே இருந்துகொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி நடக்க இரண்டு இடங்கள் தயாராக இருக்கின்றன: கேஸ் குழாயின் அளவு, புகைக்குழாயின் பாதை.

குழாயைப் பார்ப்போம். மீட்டரிலிருந்து கேஸ் வெளியேறும்போது அதன் அழுத்தம் சாதாரணமாக 21 மில்லிபார். பாய்லரைச் சென்றடையும்போது அதில் 1 மில்லிபாருக்கு மேல் குறையக்கூடாது என்பது இங்கே நாங்கள் பின்பற்றும் கணக்கு. 30 கிலோவாட் காம்பி, சுடுநீர்க் குழாயை முழுதாகத் திறந்தால், மணிக்கு ஏறக்குறைய 3 கனமீட்டர் கேஸ் கேட்கும். உங்கள் 11 மீட்டரோடு வழியில் வரும் வளைவுகளையும் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு முழங்கை வளைவையும் அரை மீட்டர் குழாய்க்குச் சமமாக எண்ணுவோம். ஆறு வளைவு இருந்தால் 14 மீட்டர். அந்த நீளத்துக்கு 15 மில்லிமீட்டர் குழாய் கொடுக்கக்கூடியது மணிக்குச் சுமார் ஒரு கனமீட்டரும் கொஞ்சமும்தான். அதே நீளத்துக்கு 22 மில்லிமீட்டர் குழாய் 3 கனமீட்டருக்குச் சற்று மேல் கொடுக்கும். விட்டத்தில் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம், போகும் கேஸில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

"பழைய பாய்லர் அதே குழாயில் இத்தனை வருடம் ஓடியதே" என்று அத்தான் சொல்வார். ஓடியிருக்கும். இவ்வகைப் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுடுநீர்த் தொட்டி வைத்த பாய்லர்தான் இருந்தது. தொட்டி நீரை நிதானமாகச் சூடாக்குவதால் அதற்குத் தேவைப்பட்ட கேஸ் குறைவு. காம்பி அப்படியல்ல. நீங்கள் ஷவரைத் திறந்த அந்தக் கணத்தில் ஓடிவரும் நீரைச் சூடாக்கியாக வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் நீரை 35 பாகை உயர்த்தவே 29 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். குழாய் போதாவிட்டால் கோடையில் ஒன்றும் தெரியாது. ஜனவரியில் ஒருவர் மேலே குளிக்க, கீழே அடுப்பும் எரியும் நேரத்தில், சுவாலை அணைந்து பாய்லர் பூட்டிக்கொள்ளும். பாய்லரின் மேல் பழி விழும், இரண்டு மூன்று பேர் வந்து உதிரிப்பாகம் மாற்றுவார்கள். குற்றம் தரைப்பலகைக்கு அடியில் ஓடும் பழைய குழாயில் இருக்கும்.

ஆகவே மீட்டரிலிருந்து புதிய குழாய் வேண்டும். தண்ணீர் வேலையில் அழுத்திப் பொருத்தும் பிளாஸ்டிக் மூட்டுகளை அத்தான் பயன்படுத்தியிருப்பார், வேகமாக முடியும். அவற்றைக் கேஸ் குழாயின் அருகில்கூடக் கொண்டுவரக்கூடாது. சுவரைத் துளைத்துப் போகும் கேஸ் குழாய்க்கு வெளியே ஓர் உறைக்குழாய் வேண்டும், உறைக்குள் மூட்டு இருக்கக்கூடாது. சிமெந்துக்குள் புதைந்து போகும் செம்புக்குப் பிளாஸ்டிக் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் சில வருடங்களில் அரித்துவிடும். நட்டு வைத்து இறுக்கும் மூட்டுகளைக் கை எட்டாத இடத்தில் மூடிவிடக்கூடாது. மின்கம்பிகளிலிருந்து 25 மில்லிமீட்டர், மின்மீட்டரிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி ஓடவேண்டும். பழைய குழாயை வெட்டுவதற்கு முன் வெட்டப்போகும் இடத்தின் இருபக்கத்தையும் தற்காலிக எர்த் கம்பியால் இணைப்போம். வீட்டு மின்சாரத்தில் எங்கோ ஒரு பழுது இருந்து, அந்தக் குழாய் வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால், வெட்டும் இடத்தில் பொறி பறக்கும் அல்லவா? இதை நான் சொல்லும்வரை அத்தான் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அது அவர் குறையல்ல, அவர் கற்ற தொழில் வேறு.

ஒரே ஒரு நட்டு என்ன செய்யும் என்பதற்கு நாட்டின் இந்தத் தலைநகரிலேயே சாட்சி உண்டு. 1968 மே 16ஆம் தேதி விடியற்காலை, நியூஹாமின் கானிங் டவுனில், திறந்து இரண்டு மாதமே ஆகியிருந்த ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆவது மாடியில், தேநீர் போட ஒரு பெண்மணி அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டடத்தின் பலவீனம் பெரிய கதை. ஆனால் கேஸ் கசிந்த இடம் அடுப்போடு குழாயை இணைத்த, தரம் குறைந்த ஒரு பித்தளை நட்டு. கிழக்கு ஹாமில் இருக்கும் நம் குடும்பங்கள் பலருக்கு அந்த இடம் பஸ் தூரம்தான்.

கசிவாவது மணக்கும். இரண்டாவது ஆபத்துக்கு மணமே கிடையாது.

உங்கள் பாய்லரின் புகைக்குழாய் உண்மையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய். உள்குழாயில் எரிந்த புகை வெளியே போகிறது, வெளிக்குழாயின் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வருகிறது. மூட்டு ஒன்றில் வளையம் நழுவியிருந்தால், அல்லது பொய்க்கூரைச் சட்டம் அடிக்கும்போது குழாய் இழுபட்டு மூட்டு விலகினால், வெளியே போகவேண்டிய புகை உள்ளே வரும் காற்றோடு கலக்கும். பாய்லர் தன் புகையையே சுவாசிக்கத் தொடங்கும். ஒட்சிசன் குறைந்து எரிப்புக் கெட்டு கார்பன் மோனாக்சைடு பெருகும். வெளிக்குழாயும் விலகியிருந்தால் அது கூரையிடைவெளிக்குள் வரும், அங்கிருந்து பலகை இடுக்குகளால் மேலறைக்குப் போகும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு இரத்தத்தில் ஒட்சிசன் அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல், அசதி வரும். காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து அந்தப் பிள்ளை ஜன்னலை இறுக மூடிவிட்டுப் படுத்துக்கொள்ளும். வெளியே போனால் தலைவலி தெளிந்து, வீட்டுக்கு வந்தால் திரும்பவும் வருகிறதென்றால் பாய்லரை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள் என்று என் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன்.

ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். வருடாந்தரச் சோதனைக்குப் போனேன். பாய்லர் மிக அழகாக எரிந்தது, வீட்டாருக்கு எந்தக் குறையுமில்லை. புகைக்குழாயின் காற்று வரும் பக்கத்தில் கருவியை நுழைத்துப் பார்த்தேன். சரியான இணைப்பில் அங்கே ஒட்சிசன் வெளிக்காற்றின் அளவில் இருக்கவேண்டும், 20.6 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. கரியமிலவாயு 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டுமே எல்லை மீறியிருந்தன: ஒட்சிசன் குறைவு, கரியமிலவாயு அதிகம். கேஸை நிறுத்தி, வீட்டாரின் சம்மதத்தோடு கூரைப்பலகையை அறுத்துப் பார்த்தோம். இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன, செருகியிருக்கவில்லை. பலகை அடித்த கையோ, குழாய் போட்ட கையோ, யாருக்குத் தெரியும்? மேலே குழந்தையின் அறை. அன்று வீடு திரும்பும்போது வண்டியைச் சற்று நேரம் ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அதனால்தான் கூரைக்குள் ஓடும் புகைக்குழாய்க்குப் பார்வைத் திறப்புகள் இருக்கவேண்டும் என்பது இங்கே கட்டாயம். ஒவ்வொன்றும் குறைந்தது 300 மில்லிமீட்டர் சதுரம், எந்த மூட்டும் திறப்பிலிருந்து 1.5 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக்கூடாது. 2013 ஜனவரி முதல், பார்க்க வழியில்லாத புகைக்குழாயைக் கண்டால் பாய்லரை நிறுத்தச் சொல்லும்படி எங்களுக்கு அறிவுறுத்தல் உண்டு. குழாய் பாய்லரைச் செய்த அதே நிறுவனத்தின் தொகுதியாக இருக்கவேண்டும், வேறொன்றின் துண்டை சிலிக்கான் பூசி ஒட்டுவது கூடாது. எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதைக் கையேடு சொல்லும், ஒவ்வொரு வளைவும் அந்தத் தூரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். குழாய் பாய்லரை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும், வெளியே சரிந்தால் அமிலநீர் சுவரில் சொட்டும். இதையெல்லாம் பொய்க்கூரையின் ஒடுக்கமான இடத்துக்குள் சரியாகச் செய்யலாம், முடியாததல்ல. இருந்தாலும் நான் செய்யமாட்டேன்.

என் யோசனை இது. பாய்லரைப் பழைய இடத்தில் மாட்டாதீர்கள். புதிய அறையின் பின்சுவருக்குக் கொண்டுபோங்கள். புகைக்குழாய் நேராகச் சுவரைக் கடந்து ஒரு முழ நீளத்தில் வெளியே போய்விடும், மூட்டெல்லாம் கண்முன் இருக்கும். அதன் வாய் திறக்கும் ஜன்னல், கதவு எதிலிருந்தும் குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்கவேண்டும், ஆகவே பெரிய மடிப்புக் கதவு வைப்பதாக இருந்தால் இடத்தை இப்போதே அளந்துவிடுங்கள். குளிர்காலத்தில் வெண்புகை எழும்பும், அயலவரின் ஜன்னலை நோக்கி அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் குழாய் இன்னும் நான்கு மீட்டர் நீளும், உண்மைதான். வளைவுகளையும் சேர்த்தால் 19, 20 மீட்டர் கணக்கு வரும், 22 மில்லிமீட்டர் அங்கே மட்டுமட்டாகிவிடும். அடுப்பும் சேர்வதால் மீட்டரிலிருந்து பெரும்பகுதியை 28 மில்லிமீட்டரில் போட்டுவிடலாம். நீளமாக ஓடவேண்டியது ஒன்று என்றால் அது கேஸ் குழாயாக இருக்கட்டும். பெரிய செம்புக்குழாய் போட்டு அதைச் சரிசெய்ய முடிகிறது. மறைந்தோடும் புகைக்குழாயோ ஒவ்வொரு வருடமும் பயப்பட வைக்கும்.

இப்போது அத்தானுக்கு வருவோம். அவரிடம் "நீங்கள் வேண்டாம்" என்று சொல்லத் தேவையில்லை. பாய்லருக்குப் போகும் இணைப்புகளில் கேஸும் புகைக்குழாயும் தவிர மற்றவற்றில் பெரும்பங்கு அவர் கைக்குரியது, அதுவும் சிறிய வேலையல்ல. பாய்லர் தொங்கப்போகும் சுவர், ரேடியேட்டர்கள், அவற்றுக்குப் போய்வரும் குழாய்கள், குளிர்நீர், சுடுநீர், வடிகால் எல்லாம் அவர் செய்யட்டும். கேஸ் ஆளை முதலிலேயே கூப்பிட்டு, இருவரும் சேர்ந்து நின்று பென்சிலால் சுவரில் குறித்துக்கொள்ளட்டும். நல்ல ஆள் இதற்கு மறுக்கமாட்டார்.

அத்தான் கவனிக்கவேண்டிய சில உண்டு. பழைய ரேடியேட்டர்களை வைத்துக்கொள்வதாக இருந்தால் உள்ளே இருக்கும் கறுப்பு நீரை முழுதாகக் கழுவி வெளியேற்றவேண்டும். அது இரும்பு அரித்த சேறு, புதிய பாய்லரின் மெல்லிய வெப்பமாற்றியை ஒரே குளிர்காலத்தில் அடைத்துவிடும். கழுவியபின் அரிப்புத் தடுப்பு மருந்து ஊற்றி, திரும்பிவரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது, உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும், ஆகவே குளிர்நீர் நுழையும் இடத்திலும் படிவுத் தடுப்பான் ஒன்று நல்லது. பாய்லர் வாங்குமுன்பே செய்திருக்கவேண்டியது ஒன்று: சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு நிமிடத்தில் வாளியில் எத்தனை லிட்டர் நிறைகிறது என்று பாருங்கள். எட்டு லிட்டர்தான் வருகிறதென்றால் எந்தக் காம்பியாலும் பன்னிரண்டு தரமுடியாது.

ரேடியேட்டர் சுற்றுக்கு நீர் நிரப்பும் நெளிகுழாயை ஃபில்லிங் லூப் என்போம். அதில் நீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் இரட்டை வால்வு இருக்கவேண்டும், நிரப்பி முடிந்ததும் அதைக் கழற்றிவிடவேண்டும். மருந்து கலந்த கறுப்பு நீர் நீங்கள் குடிக்கும் நீருக்குத் திரும்பாதிருக்கவே இந்த விதி. குளிர்ந்த நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார். அது 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து கொதிநீரை வெளியே தள்ளும். அந்த வெளியேற்றுக் குழாய் செம்பில், கீழ்நோக்கிச் சரிந்து வெளியே போய், முனை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கவேண்டும். முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் முகத்துக்கு நேராக அதை விட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கண்டென்சேட் நீரைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். புகையிலிருக்கும் நீராவி குளிர்ந்து நீராகி பாய்லரின் அடியிலிருந்து சொட்டும், அது அமிலத்தன்மை உள்ளது. செம்பை அரித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே, சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயில் சேர்த்துவிடுங்கள். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் 32 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாயில், மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் சரிவோடு, நீர்புகாத காப்புறை சுற்றி, மிகக் குறுகிய தூரம். 2010 டிசம்பர் குளிரில் இந்தச் சிறு குழாய் உறைந்தே நாடு முழுவதும் ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றுபோனது. ஓய்வொழிச்சலின்றி ஓடினேன், பாதி வீடுகளில் வெந்நீர்ப் பை ஒன்றைக் குழாயில் வைத்துக் கட்டியதே வைத்தியம்.

மின்சாரம் சுருக்கமானது. 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தனி இணைப்புப் பெட்டி, அதில் இரு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்ச். கேஸ் மீட்டரின் வீட்டுப்பக்கக் குழாயில், 600 மில்லிமீட்டருக்குள், கிளை பிரிவதற்கு முன், 10 சதுர மில்லிமீட்டர் பச்சை மஞ்சள் எர்த் கம்பி பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது, அல்லது மெல்லியதாக இருக்கும். அதை மின்பணியாளரிடம் விடுங்கள்.

எல்லாம் முடிந்த நாளில் கேஸ் ஆள் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குழாயில் அழுத்தம் ஏற்றி, ஒரு நிமிடம் நிலைபெற விட்டு, அடுத்த இரண்டு நிமிடம் மானோமீட்டர் என்ற அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புதிய குழாயில் அது அசையக்கூடாது. பிறகு சுடுநீரைத் திறந்து, அடுப்பையும் எரியவிட்டு, பாய்லரின் வாயில் அழுத்தம் அளப்பார். புகையை அளந்து, கார்பன் மோனாக்சைடுக்கும் கரியமிலவாயுவுக்கும் உள்ள விகிதம் 0.004ஐத் தாண்டவில்லை என்று பார்ப்பார். இந்த எண்களைக் கையேட்டின் பின்னாலுள்ள பெஞ்ச்மார்க் பக்கங்களில் எழுதுவார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் பாய்லரின் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகும். சில வாரங்களில் கட்டட விதிச் சான்றிதழ் தபாலில் வரும், வீட்டை விற்கும் நாளில் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார்.

புதிய பாய்லர் வைக்கும்போது கார்பன் மோனாக்சைடு அலாரமும் வைப்பது 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் கட்டட விதி. பாய்லர் இருக்கும் அறைக்கு ஒன்று கட்டாயம், மாணவர்களின் அறையிலும் ஒன்று வையுங்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கொருமுறை கேஸ் பாதுகாப்புச் சோதனை செய்து, 28 நாட்களுக்குள் அதன் பிரதியை அவர்களிடம் கொடுக்கவேண்டும், இரண்டு வருடம் பாதுகாக்கவும் வேண்டும். மீட்டரருகே உள்ள பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் கேஸ் நிற்கும் என்பதையும், கேஸ் மணந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து வெளியேறி 0800 111 999 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பதையும் அவர்களுக்கு ஒருமுறை செய்தே காட்டிவிடுங்கள்.

வாங்கிய பாய்லரைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருங்கள், வருபவர் அதன் மாதிரி எண்ணைப் பார்த்துப் புகைக்குழாய்த் தொகுதி எதுவென்று சொல்வார். அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. கட்டட வேலைக்காரர் பழைய பாய்லரின் புகைவாயைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கியிருந்தால், அந்தப் பழைய பாய்லரை யாரும் இனித் தற்காலிகமாகக்கூட ஓட்டிப் பார்க்கக்கூடாது. புதிய அறைக்குள் திறக்கும் புகைவாய் நேரே வீட்டுக்குள் திறக்கும் புகைவாய்தான். இன்றிரவே அத்தானுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொல்லுங்கள். தரைக்கு சிமெந்து ஊற்றும் நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள், கேஸ் குழாய் எந்த வழியாகப் போகும் என்பது அதற்குமுன் முடிவாகவேண்டும்.